அது பாசி அல்ல, தாழை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பாக் விரிகுடாவில் 'செயற்கைக்கோள் உதவியுடன் கடற்பாசிப் படுகைகள் கண்டுபிடிப்பு' என்று போன வாரம் செய்தி போட்டிருந்தீர்கள். கண்டுபிடிப்பாம்! சேதுபாவாசத்திரத்தில் நாங்கள் முதலில் சிரித்தோம். அப்புறம்தான் கோபம் வந்தது.

அது பாசி இல்லை ஐயா, தாழை. கடலடியில் வேர் விட்டு, பூத்துக் காய்க்கிற கடற்புல்; தாழம்பூத் தாழை இல்லை. பாசிக்கு வேரும் கிடையாது, பூவும் கிடையாது. தங்களுக்குத் தெரியாததா? 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்கிற கடல்பசுவுக்கென்று ஒதுக்கினார்களே, அப்போதும் இதே 'பாசி'தான் அச்சாகியிருந்தது. அப்போது எழுதிய கடிதம் தங்கள் மேஜைக்கு வந்ததோ, வரும் வழியில் கடலில் விழுந்ததோ.

தாழை இருக்கிற இடத்தில் தண்ணீர் கருத்துத் தெரியும், மணல் இருக்கிற இடத்தில் வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்துத்தான் அப்பா ஓரா மீனுக்கு வலை விடுவார். கலங்கல் நாளில் எல்லாம் ஒரே நிறம். மேலே சுற்றுகிற கோளுக்கும் அதே கஷ்டம்தான், அதனால்தான் ஆள் முங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படி வந்த ஒரு குழுவுக்கு நான்கு நாள் படகு ஓட்டினேன். அடியில் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் எவ்வளவு புல் என்று எழுதிக்கொண்டார்கள். ஆவுளியா மேய்ந்த தடத்தைக் காட்டியது நான்தான்: புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வழித்துவிட்ட மாதிரி நீளமாக ஒரு மணல் கோடு. தாழை இருக்கிற இடங்களின் வரைபடம் தருகிறோம் என்றார்கள். டீசல் காசில் பாதி வந்தது. படம் வரவில்லை.

கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுவைமடி, அதாவது அடியை வாரி இழுக்கும் வலை, போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ராத்திரியில் விசைப்படகு விளக்கு என் வாசலுக்கே தெரிகிறது, அதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம். முற்றிய தாழை என்றால் இலைதான் கரையில் ஒதுங்கும். இப்போது இழுவைமடி பிடுங்கியதால் வேரோடு ஒதுங்குகிறது. கஜா புயலில் படகு உடைந்தபோது கணக்கெடுக்க வந்தவர்களும் படம் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். அதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது!

சரி, கேட்பது இவ்வளவுதான். அந்த வரைபடத்தை ஊர்ப் பெயர்களோடு தமிழில் ஒருநாள் வெளியிடுங்கள். ஜவுளிக்கடைக்கு முழுப் பக்கம் கொடுக்கிறீர்கள், எங்களுக்கு அரைப் பக்கம் போதும். வெட்டி ஏலக்கூடச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம். தலைப்பில் மறக்காமல் 'தாழை' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர் ஒருவர்,
சேதுபாவாசத்திரம்