கடைச் சரக்கிருப்பும் கணக்கில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜிஎஸ்டி குறைப்புக்குப் பிந்தைய விற்பனை பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். விற்பனையை மட்டும் வைத்துப் பொருளாதாரத்தை எடைபோடுவது போதாது. கடைகளின் கிடங்கில் தேங்கியிருக்கும் சரக்குதான் தொழிற்சாலையின் அடுத்த மாதத்தை முடிவு செய்கிறது. மாதம் 20 கிரைண்டர் விற்கும் எனது கடையில் 40 கையிருப்பு வைப்பேன். விற்பனை 18 ஆக இறங்கினால் 36 இருந்தாலே போதும். கையிருப்பு 40-இல் 18 விற்றதும் 22 மிஞ்சும்; எனவே வழக்கமான 20-க்குப் பதில் 14 மட்டுமே ஆர்டர் கொடுப்பேன். வாடிக்கையாளர் குறைத்தது 10 சதவீதம், கோவையில் உற்பத்தியாளர் தலையில் விழுவதோ 30 சதவீதம்!

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வருவதற்கு முந்தைய மாதம், பழைய வரியில் வாங்கியதைத் தீர்த்தால் போதும் என்று தள்ளுபடி போர்டு மாட்டினேன். கடையில் நல்ல கூட்டம். புதுச் சரக்கு ஒன்றுகூட எடுக்கவில்லை. அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் பொருளாதார வளர்ச்சி முதல் மதிப்பீட்டில் 5.7 சதவீதமாகச் சரிந்தது. வணிகர்கள் இருப்பைக் குறைத்ததும் ஒரு காரணம் என அரசுத் தரப்பே அப்போது விளக்கியது. ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் உற்பத்தி நிறுவனங்களிடம் சரக்கிருப்பு விவரம் கேட்கிறது. அமெரிக்காவில் சில்லறைக் கடைகளின் இருப்பும் மாதந்தோறும் வெளியாகிறது. இங்கும் மாதிரிக் கடைகளைத் தேர்ந்தெடுத்து மத்திய புள்ளியியல் அமைச்சகம் அந்தக் கணக்கை மாதந்தோறும் வெளியிடலாம். படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டாமல் இருந்தால் நாங்களும் நிரப்பித் தருவோம்.

– வீட்டு உபயோகப் பொருள் வணிகர், ஈரோடு