தண்ணீர் வடிந்த பிறகும் பேசுங்கள்

மதிப்பிற்குரிய மதுரை மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கும், மதுரை வானொலி நிலையத்தாருக்கும்,

வணக்கம். 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரை வெள்ளக்காடானபோது, செல்லூரிலிருந்து நாங்கள் ஏழு பேர் அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போனோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்த சமயம். நாங்கள் போன ஊரில் கரண்ட் இன்னும் வரவில்லை. செல்போன் டவர் வந்து வந்து போனது.

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். வராண்டாத் தூணில் சாய்ந்திருந்த பெரியவர் மடியில் ஒரு ட்ரான்சிஸ்டர். பின்மூடி கிடையாது, பேட்டரிக் கட்டை விழாமல் இருக்க சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருந்தார். அவர் திருகத் திருக, சுற்றிலும் இருபது பேர் குனிந்து காது கொடுத்தார்கள். பாட்டு வந்தது, சென்னைச் செய்தி வந்தது. அவர்கள் ஊர்ப் பெயர் வரவே இல்லை. நனைந்து உப்பிப்போன பேங்க் பாஸ்புக்கை விரித்துக் காயவைத்தபடி ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: “தம்பி, ரேஷன் கார்டு வெள்ளத்தோட போய்ட்டு. அந்த வெள்ள நிவாரணம் 6,000 ரூவா எனக்குத் தருவாவளா?” மூன்று பேரிடம் விசாரித்தேன்; மூன்று பதில் கிடைத்தது. போர்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் வண்டி ஏறும்வரை அந்த அக்கா அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

புயல் வருகிறது, ஆற்றில் இறங்காதீர்கள் என்று வானொலி சொல்வதால் பல உயிர் தப்புகிறது. அதில் எனக்குக் குறையில்லை. நான் கேட்பது அதற்கு அப்புறம் வரும் நாட்களுக்காக. எந்த ஆபீசில் மனுக் கொடுப்பது, எந்தத் தெருவில் தண்ணீர் லாரி நிற்கும், பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு என்ன வழி. இதையெல்லாம் தெரிந்த குரல் ஒன்று தினமும் ஒரே நேரத்தில் சொன்னால், பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும்.

இது நடக்காத காரியமில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடலூரில் 107.8-இல் பேரிடர் கால வானொலி ஒலித்தது. ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, பேரிடர் வந்தால் உள்ளூரிலேயே தற்காலிக எஃப்.எம். நிலையம் தொடங்க வழி செய்தார்கள். 2011 சுனாமிக்குப் பிறகு அப்படித் தொடங்கியவற்றில் சில, மக்கள் வீடு திரும்பும் காலம்வரை வருடக்கணக்கில் பேசின. அவ்வளவு தூரம் எதற்கு? நம் மதுரையில் தலைமையகம் உள்ள தானம் அறக்கட்டளைதான், 2004-இல் சுனாமி அடித்த நாகப்பட்டினம் மாவட்டத்தில், விழுந்தமாவடியில் களஞ்சியம் சமுதாய வானொலியைத் தொடங்கியது. அடிபட்ட ஊர்க்காரர்களே மைக்கில் பேசினார்கள். செய்து பார்த்த அனுபவம் நம் ஊரிலேயே இருக்கிறது, கூப்பிட்டுக் கேளுங்கள்.

2024 அக்டோபர் 25 அன்று எங்கள் செல்லூரிலேயே பந்தல்குடி கால்வாய் பொங்கி வீட்டுக்குள் வந்தது. கட்டிலை அடுக்கிய செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டு, சார்ஜ் போன செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். ஸ்ரீவைகுண்டத்துப் பெரியவரின் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் இதைச் சேர்த்துவிடுங்கள். அரிசி, பாயோடு ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு ரேடியோ பெட்டியும் பேட்டரிக் கட்டைகளும் போகட்டும். வானொலி நிலையத்தார் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். அந்த நேரத்தில் தாசில்தார் ஒருவர் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லட்டும். முகாமில் இருப்பவர்களும் பேசட்டும். டிவி வண்டிகள் கிளம்பிய பிறகும் குறைந்தது மூன்று மாதம் அந்த ஒரு மணி நேரம் நிற்கக் கூடாது. அறிவிப்பு எழுத, முகாம் முகாமாகப் போய்க் கேள்விகளை வாங்கிவர எங்கள் தெருவில் ஆள் இருக்கிறோம். சொல்லியனுப்புங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
செல்லூரிலிருந்து ஒரு நேயர்