ரெசின் விமானக் கிட் வார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு பட்டறைகளில் ரெசின் கிட் தயாரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பெரிய கம்பெனிகள் திரும்பியும் பார்க்காத விமானங்களை, ரெசின் என்ற பிசினில் வார்த்த மாடல் பாகங்களாக எங்கள் மேசைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் நீங்கள்தான். அந்த உரிமையில் கேட்கிறேன்: உங்கள் ரெசின் எந்தச் சூட்டில் இளகும், வளைந்த பாகத்தை எப்படி நிமிர்த்தலாம் என்பதை விளக்கத்தாளிலேயே அச்சடித்துக் கொடுங்கள்.

துப்போலெவ் ஏஎன்டி-25-ஐ எடுத்துக்கொள்வோம். 1937-இல் சோவியத் விமானி சிக்காலோவும் இரண்டு தோழர்களும் மாஸ்கோவில் கிளம்பி, வட துருவத்தைத் தாண்டி, அமெரிக்காவில் போய் இறங்கிய விமானம். இறக்கை விரிவு 34 மீட்டர், அதாவது 72-இல் ஒரு பங்காகச் சுருக்கிய 1/72 மாடலில் 47 செ.மீ.க்கும் மேல். இவ்வளவு நீண்டு ஒடுங்கும் ஒன்றை ரெசினில் வார்த்தால் அது வளையத்தான் பார்க்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் எல்லா வளைவும் ஒன்றல்ல. பாலியூரித்தேன் ரெசின் அச்சுக்குள் சில நிமிடங்களிலேயே கெட்டியாகிவிடும், முழுசாக இறுக இன்னும் நிறைய நேரம் பிடிக்கும். அடுத்த வார்ப்புக்கு அச்சு வேண்டும் என்று சூட்டோடு உருவி எடுத்தால், எந்தக் கோணலில் கிடந்து ஆறியதோ அதுவே நிலைத்துவிடுகிறது. நேராக இறுகிய பாகம் பெட்டிக்குள் நெருக்குப்பட்டு வளைந்தது என்றால் கதை வேறு, வெந்நீரில் போட்டாலே பெரும்பாலும் தானாக வார்த்த வடிவத்துக்குத் திரும்பிவிடும். கையில் இருப்பது இதில் எந்த வகை என்று வாங்கியவனுக்கு எப்படித் தெரியும்? வார்த்த உங்களுக்குத்தானே தெரியும்!

முறுக்கிக்கொண்ட இறக்கையோடு வந்த ஒரு கிட்டைப் பற்றி அதைச் செய்தவர்களுக்கு எழுதினேன். 'வெந்நீரில் போடுங்கள்' என்று மட்டும் பதில் வந்தது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று ஒரு வார்த்தை இல்லை.

வெந்நீரில் போட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? தாள் போல இருக்கும் பின்விளிம்பு சில நொடிகளில் துவண்டுவிடும், விமான உடலோடு சேரும் தடித்த அடிப்பக்கமோ அப்படியே விறைத்து நிற்கும். அடிப்பக்கம் இளகட்டும் என்று காத்திருந்தால் பின்விளிம்பு அலை அலையாகிவிடுகிறது. அதனால் அடிப்பக்கத்தை முதலில் முக்கிப் பதம் பார்த்துவிட்டு, கடைசியில்தான் முழு இறக்கையையும் முக்க வேண்டும். அப்புறம் கண்ணாடித் தட்டில் வைத்து விரலால் பிடித்தபடியே குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும், ஆறுவதற்குள் கையை எடுத்தால் போச்சு. மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து அழுத்தவே கூடாது, இறக்கையின் புடைப்பு தட்டையாகிவிடும். முறுக்கு போய்விட்டதா என்று பார்க்க, நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்கி முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்று சரிபார்க்கலாம். ஆனால் நிஜ விமானத்திலேயே நுனி கொஞ்சம் முறுக்கி அமைக்கப்பட்டிருந்தால்? அதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே அந்த விளக்கத்தாளில் விமானத்தின் முன்தோற்றத்தை மாடலின் அதே அளவில் வரைந்து கொடுங்கள், நிமிர்த்திய இறக்கையை அதன் மேலேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம். நீண்ட இறக்கை என்றால் வார்க்கும்போதே உள்ளே ஒரு எஃகுக் கம்பியை வையுங்கள், இல்லையென்றால் கோடையில் அலமாரியிலேயே மறுபடி தொங்க ஆரம்பிக்கும். சக்கரக் கால்களுக்கும் ரெசின் வேண்டாம், உலோகம் கொடுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் சரி, வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் கிட்களைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்