கேளாமல் இறந்தவர்களுக்கு நரகமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே, படுகர் இன மக்களின் ஹட்டி (ஊர்) ஒன்றை ஒட்டிய தேயிலைச் சரிவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கும் கிறிஸ்தவன் நான். சென்ற மாதம் எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி காலமானார். அடக்கம் முடிந்த சில நாட்களில் அவருடைய பேரன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐயா, எங்கள் ஹெத்தெ இப்போது எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டான். ஹெத்தெ என்றால் படுகு மொழியில் பாட்டி. கல்லூரியில் படிக்கும் அந்தப் பிள்ளை ஓராண்டாக ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போய்வருகிறான். ஞானஸ்நானம் பெறாமலும் இயேசுவை அறிக்கையிடாமலும் இறந்தபடியால் அவள் நரக அக்கினியில்தான் இருக்கிறாள், அவளுக்காக அழுவதில் பயனில்லை என்று அங்கே ஊழியம் செய்பவர் ஒருவர் அவனிடம் சொல்லியிருக்கிறார். இதுவே வேதத்தின் முடிவான போதனை என்று எங்களவரில் பலர் நம்புவதாலும், இதைக் கேட்கும் மற்றவர்கள் கிறிஸ்தவர்களின் கடவுள் நீதியற்றவர் என்று எண்ணிக்கொள்வதாலும் தங்கள் நாளிதழுக்கு இதை எழுதுகிறேன்.

நரகம் என்பதே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. எருசலேமுக்குத் தெற்கே, ஒரு காலத்தில் பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரை எடுத்துத்தான் இயேசு நரகத்தைப் பற்றி எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை மென்மையாக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் யாரை நோக்கி எச்சரித்தார் என்று பார்க்க வேண்டாமா? சுவிசேஷங்களில் அச்சொல் பெரும்பாலும் சீடர்களிடமும் மதத் தலைவர்களிடமுமே பேசப்படுகிறது. ரோம நூற்றுக்கு அதிபதி ஒருவனின் விசுவாசத்தை மெச்சிய இடத்தில், கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து ஆபிரகாமோடு பந்தியிருப்பார்கள் என்றும், ராஜ்யத்தின் புத்திரரோ புறம்பான இருளில் தள்ளப்படுவார்கள் என்றும் மத்தேயு 8-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். உள்ளே இருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குச் சொன்ன வார்த்தையை, வெளியே நிற்கும் ஒரு கிழவியின் பாடையின்மேல் எறிவது எந்த வகையில் நியாயம்?

அந்த அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். படுகர் வழக்கப்படி, பாடையின் தலைமாட்டில் நின்று ஒரு பெரியவர் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் "அது பாவம்" என்று சேர்ந்து சொன்னார்கள். எல்லைக் கல்லை நகர்த்தியது, வழி கேட்டவனுக்குத் தவறான வழியைக் காட்டியது, உடன்பிறந்தவர்களைப் பிரித்தது, பசித்து வந்தவனை விரட்டியது என்று அந்தப் பட்டியல் நீண்டது. அவள் இவற்றையெல்லாம் செய்தாள் என்று பொருளல்ல; மனிதர் செய்யக்கூடிய பாவம் அனைத்தையும், ஆயிரத்து முந்நூறு பாவம் இருந்தாலும் அவை நீங்கட்டும் என்று, அவளுக்காக ஊரே அறிக்கையிடுகிறது. நரக வாசல் அடைபடவும், ஆன்மா கடக்க வேண்டிய நூல் பாலம் அறுந்துபோகாமல் இருக்கவும் வேண்டுகிறது. எனக்கு அப்போது, மோசேயின் நியாயப்பிரமாணத்தைச் (சட்டத்தைச்) சொல்லும் உபாகமம் 27-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் எல்லைக்குறியைத் தள்ளி வைப்பவனும், குருடனை வழிதப்பச் செய்பவனும் சபிக்கப்பட்டவர்கள் என்று லேவியர் உரத்துச் சொல்ல, ஜனங்களெல்லாரும் ஆமென் என்கிறார்கள். மோசேயின் பெயரைக் கேட்டிராத ஒரு மலைக் கிராமத்தில், அவனுடைய நியாயப்பிரமாணத்தின் வரிகளை என் காதாரக் கேட்டேன்.

பவுல் ரோமர் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் எழுதுவது இதைத்தான். நியாயப்பிரமாணம் இல்லாத புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், இயல்பாகவே அதன்படி நடக்கும்போது, அது தங்கள் இருதயங்களில் எழுதியிருக்கிறதென்று காண்பிக்கிறார்கள். அவர்களுடைய மனச்சாட்சியும் சாட்சியிடுகிறது. எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாத ஊழியக்காரனுக்கு அநேக அடி, அறியாதவனுக்குச் சில அடி என்றும், எவனிடத்தில் அதிகம் கொடுக்கப்படுகிறதோ அவனிடத்தில் அதிகம் கேட்கப்படும் என்றும் லூக்கா 12-இல் இயேசு சொல்கிறார். கொடுக்கப்படாததைக் கேட்கும் நியாயாதிபதியை நான் வேதத்தில் காணவில்லை.

சபை வரலாறு இதில் எப்போதும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. திருச்சபைக்குப் புறம்பானவர்கள் நித்திய அக்கினிக்குப் போவார்கள் என்று 1442-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுப் பேரவையான ஃபிளாரன்ஸ் சங்கம் கடுமையாக அறிவித்தது. தம்மால் திருமுழுக்குப் பெற்ற ஜப்பானியர், நரகத்திலுள்ள தங்கள் முன்னோரை மீட்க வழியில்லை என்று கேட்டு அழுததைத் தூய சவேரியார் 1552-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவர்களுடைய கண்ணீர் தம்மையும் வருத்தியதை அவர் ஒளிக்கவில்லை. அதே கடிதத்தில், எழுத்தறியாமல் காட்டில் வளர்ந்தவனிடம் கேட்டாலும் கொலையும் களவும் பாவமென்றே சொல்வான், அவனைப் படைத்தவரே அதை அவனுக்குக் கற்பித்தார் என்றும் எழுதினார். அந்த இரண்டாவது வரியை அவர் இன்னும் சற்றுத் தூரம் பின்தொடர்ந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமின்றியே கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி நடக்க முயல்வோரும் மீட்படையக்கூடும் என்று கூறியது. நான் கத்தோலிக்கன் அல்லன். ஆயினும் அந்த வாக்கியத்துக்காக நன்றி சொல்கிறேன்.

எங்கள் மலையை நினைத்துப் பாருங்கள். 1603-இல் ஒரு இயேசு சபைக் குரு ஏறிவந்து இம்மலையின் மற்றொரு பழங்குடியினரான தோடர்களைச் சந்தித்துத் திரும்பினார். சுவிட்சர்லாந்தின் புராட்டஸ்டண்ட் ஊழிய அமைப்பான பாசல் மிஷன், இங்குள்ள கேத்தியில் பணியைத் தொடங்கியது 1846-இல். இவற்றுக்கு முன்னே இங்கே பிறந்து, மாடு மேய்த்து, சாமை விதைத்து, பிள்ளை பெற்று மாண்ட தலைமுறைகள் அத்தனையும், கப்பல் தாமதமாக வந்த காரணத்தால் எரிகின்றன என்று சொல்பவர் தேவனுடைய நீதியைப் பற்றிப் பேசவில்லை.

அப்படியானால் சுவிசேஷம் சொல்வது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கிறிஸ்துவே வழி என்று நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் ஊத்ஸ் தேசத்து யோபு அவருடைய பெயரை அறியாதவன், ஆபிரகாமும் அறியாதவன். அவர்களை மீட்ட கை வேறு யார்வரை நீளும் என்று அளந்து சொல்லும் பொறுப்பை அவர் நமக்குக் கொடுக்கவில்லை. நற்செய்தி நல்ல செய்தியாக இருப்பதாலேயே அதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உன் பாட்டி எரிவாள் என்பதற்காக அல்ல.

ஆகவே சாவு வீடுகளில் இப்படிப் பேசுவதை ஊழியர்கள் நிறுத்த வேண்டும் என்றும், பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் வகுப்புகளில் ரோமர் 2-ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போகாமல் பிள்ளைகளுக்கு நின்று கற்பிக்க வேண்டும் என்றும் போதகர்களைத் தங்கள் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பையனுக்கு நான் ஆதியாகமம் 18-ஐ எடுத்துக் கொடுத்தேன். அழிவை எதிர்நோக்கியிருந்த சோதோம் நகருக்காகத் தேவனோடு வழக்காடிய ஆபிரகாம், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்கும் இடத்தை அவன் இரண்டு முறை வாசித்தான். பிறகு, என் மனைவி நோயுற்றுக் கிடந்த ஆண்டு முழுவதும் அவனுடைய ஹெத்தெ தினமும் காலையில் எங்கள் வாசலில் ஒரு செம்புப் பாலை வைத்துவிட்டுப் போனதையும், ஒரு நாளும் அதற்குக் காசு வாங்காததையும் அவனுக்குச் சொன்னேன். அது அவனுக்கு அதுவரை தெரியாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.