பட்டி பூசியதாகச் சொல்லப்படும் மட்கார்டு பற்றி, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸப்பில் ஒரு போட்டோ சுற்றுகிறது. நம்ம பட்டறையில் பாடி வேலை முடித்துக் கொடுத்த பழைய வில்லிஸ் (ஜீப் செய்த அமெரிக்கக் கம்பெனி) பிக்கப்பின் இடது மட்கார்டு அது. வேறெங்கோ வைத்து அதன் பெயிண்டைச் சுரண்டியிருக்கிறார்கள், அடியில் வெளிர்மஞ்சளாகப் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை, தெரிகிறது. "தகரத்துக்குக் காசு வாங்கிட்டு பட்டியை அப்பி அனுப்பிட்டாங்க" என்று கீழே ஒரு வரி. பார்த்தவர்களில் பாதிப்பேர் அதை எனக்கே அனுப்பி "என்ன தம்பி இது?" என்று கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

அந்த வண்டி வந்தபோது இருந்த நிலை, அப்போது பட்டறைக்கு வந்துபோனவர்களுக்குத் தெரியும். தேவனாம்பட்டினத்தில் உப்புக்காற்றில் வருஷக்கணக்காக வெட்டவெளியில் நின்ற வண்டி. மட்கார்டின் கீழ்விளிம்பு விரல் பட்டாலே பொலபொலவென்று உதிர்ந்தது. துருப்பிடித்ததை வெட்டிக்கொண்டே போய், நல்ல தகரம் வந்த இடத்தில் நிறுத்தினோம். 18 கேஜ் ஷீட், அதாவது 1.2 மில்லிமீட்டர். அதில் துண்டு வெட்டி, மணல் மூட்டைமேல் போட்டுக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி வளைவு எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைத்தோம். ஒரே இழுப்பில் கோடு போட்டால் சூட்டில் தகரம் அலையலையாக நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடி. அப்புறம் உள்ளே டாலி என்கிற இரும்புக்கட்டையை முட்டுக்கொடுத்து வெளியே சுத்தியல். அந்த ஒரு மட்கார்டுக்கே ஒன்பது நாள் ஆனது.

இவ்வளவுக்குப் பிறகும் கண்ணுக்குத் தெரியாத, உள்ளங்கையால் தடவினால் மட்டும் தட்டுப்படும் பள்ளம் மிஞ்சும். பட்டி அதற்குத்தான். தேய்த்தபின் நிற்பது ஒரு மில்லிமீட்டருக்குள். டிங்கர் வேலை பார்த்த எந்த வண்டியைச் சுரண்டினாலும் பட்டி தெரியும். எவ்வளவு கனம் என்பது போட்டோவில் தெரியாது. காந்தத்துக்குத் தெரியும். பட்டியை அப்பிய இடத்தில் அது நிற்காமல் வழுக்கி விழும். அந்த மட்கார்டில் எந்த இடத்தில் வைத்தாலும் பிடிக்கும். வீட்டுக்கே வந்து வைத்துக் காட்டுகிறேன் என்று வண்டியின் உரிமையாளரிடமும் சொல்லியிருக்கிறேன். கீழ்விளிம்பின் உள்பக்கம் ஜாயிண்டில் லேசாகத் துரு வந்திருப்பதை எங்கள் செலவில் சரிசெய்து கொடுத்துவிடுவோம்.

முழுசாகப் புது மட்கார்டே அடித்திருக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். சொல்லப்போனால் எங்களுக்கு அதுதான் சுலபம். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், வில்லிஸ் கம்பெனிக்கு பாடி அடித்துக்கொடுக்கப் பெரிய ஆலைகள் கிடைக்கவில்லை. வீட்டுச் சாமான்களுக்குத் தகரம் அடிப்பவர்களிடம் போனார்கள். தகரத்தை அழுத்தி வடிவமெடுக்கும் அவர்கள் பிரஸ்ஸில் ஆறு அங்குலத்துக்குமேல் ஆழம் எடுக்க முடியாது. அதற்கேற்பத்தான் முதலில் வந்த வில்லிஸ் ஸ்டேஷன் வேகனின் முன்முகமும் மட்கார்டும் வரையப்பட்டன. 1947 முதல் 1965 வரை வந்த பிக்கப்பிலும் அதே முகம்தான். ஆழமான வளைவு இல்லாததால் கைவேலைக்கு அவ்வளவு இசைவான வண்டி. ஆனால் 2021-இல் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் (பழமை வண்டி) பதிவு வாங்க வேண்டுமென்றால் சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி ஷெல் (வெளிக்கூடு), எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அந்தப் பதிவுக்குப் போகப்போவதாக அவர்தான் சொன்னார். அதனால் பழைய தகரத்தில் காப்பாற்ற முடிந்ததையெல்லாம் காப்பாற்றினோம்.

இன்னொன்று. எங்கள் பெரிய மேஸ்திரி ஆவணியோடு நின்றுவிட்டார். இந்தப் பிரச்சினையால் இல்லை, கண்புரை. அப்பா காலத்திலிருந்து இருந்தவர், கண்ணை மூடிக்கொண்டு தடவியே பள்ளம் சொல்வார். அவர் கையில் பழகிய இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், லோடு பாடிக்கு மரப்பலகையும் இடையில் இரும்புப் பட்டையும் பதிக்கும் வேலையில் ஒருவன் அவரையே மிஞ்சிவிட்டான். ஆனாலும் வேலை மெதுவாகத்தான் நகரும். பொங்கலுக்குச் சொன்ன வண்டிகள் சித்திரைக்குத்தான் கிடைக்கும். கார்த்திகை முதல் கூலியும் கொஞ்சம் கூடும், முன்பணம் கொடுத்தவர்களுக்கும் சேர்த்து.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணை பெருகி வந்த ராத்திரியை நான் மறக்கவில்லை. எஞ்சின் இறக்கி வெறும் கூடாக நின்ற மூன்று வண்டிகளை, முழங்கால் தண்ணீரில் மேட்டுக்குத் தள்ளியவர்கள் நீங்கள்தான். அதில் ஒருத்தர் வண்டிகூட அன்றைக்கு இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள் மனதில் ஒரு போட்டோ சந்தேகம் கிளப்பிவிட்டதே என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இனி எந்த வண்டியானாலும் பிரைமர் அடிக்கும் முன்பு உரிமையாளரைக் கூப்பிட்டு, வெறும் தகரமாக நிறுத்திக் காட்டுவோம். காந்தம் வாசல் ஆணியில் கயிறு கட்டித் தொங்குகிறது. சாயங்காலம் நாலு மணிக்குமேல் வெல்டிங் இருக்காது, அப்போது வாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
செம்மண்டலம், கடலூர்