டிக்கி மூடியில் ஒட்டிய எழுத்துக்கு ஒரே பொருள் போதும்
சொகுசுக் கார் நிறுவனங்களின் பெயர்சூட்டும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சொகுசுக் கார்களுக்கு உதிரிபாகம் எடுத்துக் கொடுப்பவர்கள், சர்வீஸ் செய்பவர்கள், பழைய கார்களுக்கு விலை மதிப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒரு மாடலுக்குப் பெயர் வைத்துவிட்டு நீங்கள் அடுத்த மாடலுக்குப் போய்விடுகிறீர்கள். அந்தப் பெயரோடு இருபது வருடம் மல்லுக்கட்டுவது நாங்களும் காரை வாங்கியவர்களும்தான்.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஓர் எழுத்தோ எண்ணோ ஒரு பொருளைக் குறிக்கத் தொடங்கிவிட்டால், அந்தப் பொருளோடு விற்ற கார்கள் சாலையில் ஓடும் வரை அதை வேறு பொருளுக்குத் திருப்பாதீர்கள். திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால், எதிலிருந்து எதற்கு என்று காரிலேயே எழுதி வையுங்கள்.

பிஎம்டபிள்யூ 328ஐ என்ற பேட்ஜைப் (காரின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் பெயரை) பாருங்கள். இ90 என்ற உடல் குறியீடு கொண்ட தலைமுறையில் வந்த 328ஐ-யின் பானட்டுக்குள் இருப்பது என்52 இன்ஜின். 3.0 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) கிடையாது. ஃபில்டரோடு மாற்றினால் 6.5 லிட்டர் ஆயில் பிடிக்கும். அடுத்த தலைமுறையான எஃப்30-இல் அதே 328ஐ என்ற பேட்ஜ், உள்ளே என்20. 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. ஆயில் 5 லிட்டர்தான். ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும் ஆறுக்குப் பதில் நான்கு. "328ஐ-க்கு ஒரு சர்வீஸ் செட் கொடுங்கள்" என்று போனில் கேட்டால் எதை எடுத்து வைப்பது? பேட்ஜை நம்பி 6.5 லிட்டரை என்20-க்குள் ஊற்றினால் ஒன்றரை லிட்டர் மிகை. சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையை பம்ப் சரியாக இழுக்காது, ஆயில் அழுத்தம் இறங்கும். மிச்ச ஆயில் கிராங்க்கேஸ் காற்றுவழியாக இன்டேக்குக்குள் போய்ப் புகையாக வெளிவரும். இரண்டு இன்ஜினிலும் ஆயில் அளக்கும் குச்சி இல்லை, சென்சார் காட்டும் அளவைத் திரையில்தான் பார்க்க வேண்டும். தவறு உடனே கண்ணில் படாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தப் பேட்ஜுகளுக்கு ஒரு காலத்தில் கறாரான இலக்கணம் இருந்தது. 1972-இல் முதல் 5 சீரிஸ் 520 என்று வந்தபோது 5 என்றால் காரின் அளவு, 20 என்றால் 2.0 லிட்டர். பின்னால் ஐ வந்தால் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன். பேட்ஜைப் படிக்கத் தெரிந்தவர் பானட்டைத் திறக்காமலே இன்ஜினைச் சொல்லிவிடுவார். விதிவிலக்குகள் அன்றைக்கும் இருந்தன. ஆனால் அவற்றுக்குக் கணக்கு இருந்தது. முதல் தலைமுறை 7 சீரிஸில் வந்த 745ஐ-யின் டர்போ இன்ஜின் உண்மையில் 3.2 லிட்டர்தான். டர்போ இன்ஜினை 1.4 மடங்காகக் கணக்கிடும் பந்தய விதிப்படி பெருக்கினால் 4.48, அதுதான் 45. சிக்கனத்துக்காகக் குறைந்த வேகத்தில் சுழலும்படி செய்த 325இ-யில் இருந்ததோ 2.7 லிட்டர் இன்ஜின். எண்ணை விட இன்ஜின் பெரிது.

அந்த இலக்கணம் ஏன் உடைந்தது என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. டர்போ எல்லா இன்ஜினிலும் வந்தபின் லிட்டரை வைத்துச் சக்தியைச் சொல்ல முடியவில்லை. சின்ன இன்ஜின் பெரிய இன்ஜினின் வேலையைச் செய்கிறது, பேட்ஜில் எண்ணைக் குறைத்தால் வாடிக்கையாளர் கீழே இறங்கிவிட்டதாக நினைப்பார். அதனால் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு இன்ஜினை மாற்றினீர்கள். 335ஐ 3.0 லிட்டர். லெக்சஸ் எல்எஸ் 400 என்று 1989-இல் வந்தது நேர்மையான 4.0 லிட்டர், 2007-இன் எல்எஸ் 600எச் 5.0 லிட்டர் ஹைப்ரிட். மெர்சிடீஸின் வேகக் கார் பிரிவான ஏஎம்ஜி-யின் 63 என்ற எண்ணுக்கோ 1968-இன் 300 எஸ்இஎல் 6.3 தான் மூதாதை. அதன் நினைவாக 6,208 சிசி இன்ஜினுக்கு 63 என்று போட்டீர்கள். பிறகு 5.5 லிட்டருக்கும் 63, 4.0 லிட்டருக்கும் 63, 2022-இல் வந்த சி 63-இல் 2.0 லிட்டர் நான்கு சிலிண்டரும் மின்மோட்டாரும். மரபுக்கு மரியாதை செய்வதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உதிரிபாகப் பட்டியலில் அந்த எண்ணால் எதையும் தேட முடியாது.

இன்ஃபினிட்டி செய்தது இன்னும் கடினமானது. 1989-இல் கியூ45 வந்தபோது 45 என்பது 4.5 லிட்டர். 2012 டிசம்பரில் எல்லா மாடல்களையும் கியூ, கியூஎக்ஸ் என்று மாற்றப்போவதாக அறிவித்தார்கள். 5.6 லிட்டர் இன்ஜினோடு கியூஎக்ஸ்56 என்று ஓடிய வண்டி, அதே இன்ஜினோடு கியூஎக்ஸ்80 ஆனது. காரின் வரிசையைக் காட்டும் எண்ணாக அதை மாற்றினார்கள் என்பது சரிதான். ஆனால் கியூ45, கியூ50 இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரே எழுத்து, கிட்டத்தட்ட ஒரே எண், ஒன்றில் அது இன்ஜின், மற்றதில் அது வகுப்பு. பழைய கார் வாங்க வருபவர் ஐந்து லிட்டர் இன்ஜினா என்று கேட்பதில் தவறே இல்லை.

எண்ணுக்குப் பதில் வேறு அளவு கண்டுபிடித்தவர்களும் உண்டு. ஆடி நிறுவனம் 2017-இல் 30 முதல் 70 வரை ஐந்து ஐந்தாக ஏறும் எண்களைக் கொண்டுவந்தது. 30 என்றால் 81 முதல் 96 கிலோவாட், 45 என்றால் 169 முதல் 185. கேடிலாக் 2019-இல் டார்க்கை (இன்ஜினின் திருகுவிசையை) நியூட்டன் மீட்டரில் 50-இன் மடங்காக எழுதத் தொடங்கியது. 350டி என்றால் சுமார் 350 நியூட்டன் மீட்டர், டி என்றால் டர்போ. இரண்டும் யோசித்துச் செய்தவை. மின்காரையும் பெட்ரோல் காரையும் ஒரே தராசில் வைக்கும் முயற்சி. இருந்தும் பிடிக்கவில்லை, காரணமும் எளிது. கேடிலாக்கின் பெரும் சந்தை டார்க்கைப் பவுண்ட்-அடியில் பேசிப் பழகியது, அங்கே அதே 350 சுமார் 258 ஆகிவிடுகிறது. ஆடியின் 45-ஐ எந்த அளவுகோலில் வைத்தாலும் 45 வராது. கிலோவாட்டும் இல்லை, குதிரைத்திறனும் இல்லை, லிட்டரும் இல்லை. அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய பேட்ஜ் பேட்ஜே இல்லை. லம்போர்கினி அவென்டடோர் எல்பி 700-4 என்று எழுதியதைப் பாருங்கள். இன்ஜின் பின்னால் நீளவாக்கில், 700 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. சொன்னது அப்படியே காரில் இருக்கிறது.

ஆடியின் இரட்டை, ஒற்றை விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். இரட்டைப்படை எண் மின்காருக்கு, ஒற்றைப்படை எண் பெட்ரோல், டீசலுக்கு என்று முடிவெடுத்தார்கள். அதன்படி 1994 முதல் ஏ4 என்று ஓடிய கார் 2024-இல் ஏ5 ஆனது. ஏ5 என்ற பெயரில் அதுவரை இருந்ததோ கூபே வரிசை. 2025 பிப்ரவரியில் அந்த விதியையே கைவிட்டு, எண் மீண்டும் அளவைத்தான் குறிக்கும் என்றார்கள். ஏ7 ஆகவிருந்த கார் ஏ6 என்ற பெயரிலேயே வந்தது. ஏ4 மட்டும் ஏ5 ஆகவே நின்றுவிட்டது. தவறைத் திருத்திக்கொண்டது நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த இடைவெளியில் விற்ற ஏ5-கள் இன்னும் பல வருடம் இன்ஷூரன்ஸ் பட்டியலிலும் பழைய கார் சந்தையிலும் முந்தைய ஏ5-களோடு கலந்தே கிடக்கும்.

இனி எழுத்துகள். எண்ணை விட இங்கேதான் சிக்கல் அதிகம்.

மெர்சிடீஸ் 300இ-யில் இ என்றால் இன்ஜெக்ஷன். 1993-இல் எழுத்தை முன்னால் கொண்டுவந்து இ 300 என்றபோது அது வகுப்பின் பெயரானது. பிறகு சிறிய இ பின்னால் வந்து மின்சாரத்தைக் குறித்தது. ஆக, இ 300 இ என்ற பேட்ஜில் ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் நிற்கிறது. பிஎம்டபிள்யூ ஐ3 2013-இல் வந்ததிலிருந்து ஐ என்பது மின்காரின் அடையாளம், அதே நேரம் 320ஐ-யில் அது பெட்ரோல். 2024 முதல் புதிய பெட்ரோல் மாடல்களில் பின்னால் வரும் ஐ-யை எடுத்துவிட்டது முறையான முடிவு. பதினோரு வருடம் தாமதம் என்பதுதான் எங்கள் வருத்தம். போர்ஷே 2019-இல் டைகான் டர்போ என்று பெயர் வைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டர்போவே இல்லாத மின்கார் அது. டர்போ என்பது ஒரு பாகத்தின் பெயர். அந்தப் பாகத்துக்கு விலைப்பட்டியலில் தனி வரி உண்டு.

பெயரை முடிவு செய்யுமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். போனில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளில் பி, சி, டி (D), இ, ஜி, டி (T), வி எல்லாமே ஒரே ஈ ஓசையில் முடிகின்றன. 2014-இல் மெர்சிடீஸ் தன் எஸ்யூவி-களை ஜிஎல் என்று தொடங்கி, மூன்றாவது எழுத்தால் வகுப்பைக் காட்டும்படி ஒழுங்குபடுத்தியது. தாளில் அழகான அமைப்பு, எம்எல்லும் ஜிஎல்கேயும் அதில் சரியான இடத்தில் போய் அமர்ந்தன. காதில் விழும்போது ஜிஎல்பி, ஜிஎல்சி, ஜிஎல்இ மூன்றும் ஒன்றுதான். பட்டறை இரைச்சலில் கேட்டால் ஏ-யும் எஸ்-ஸும் மட்டுமே தப்பிக்கும். அந்த மூன்று காருக்கும் பிரேக் பேட் ஒன்றல்ல. உலகம் முழுவதும் சேசிஸ் எண்ணுக்கென்று வைத்திருக்கும் பதினேழு இடங்களில் ஐ, ஓ, கியூ மூன்றையும் பயன்படுத்துவதே இல்லை. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதுதான் காரணம். அதே ஐ-யும் கியூவும்தான் உங்கள் மாடல் பெயர்களில் அதிகம் புழங்குகின்றன. சேசிஸ் எண்ணை வகுத்தவர்களின் கவலையைக் கொஞ்சம் கடன் வாங்குங்கள்.

வேற்று மொழிக் காதும் முக்கியம். ஆடியின் இ-ட்ரான், பிரெஞ்சுக்காரர் காதில் மலத்தைக் குறிக்கும் எத்ரோன் என்ற சொல்லாக விழுகிறது. ஆல்ஃபா ரோமியோ 164-இல் நான்கு சீனரிடம் சாவை நினைவூட்டும் என்பதால் ஹாங்காங்கில் அது 168 ஆக விற்றது. இரண்டாவது உதாரணம் போல முன்கூட்டியே கேட்டுவிட்டால் செலவு ஒரு பேட்ஜ் அச்சுதான்.

டிரேட்மார்க் விஷயத்தை உங்கள் வழக்கறிஞர்கள் எங்களை விட நன்றாக அறிவார்கள். ஆனாலும் தாமதமாகக் கேட்பதால் வரும் விளைவு எங்கள் மேஜைக்கும் வருகிறது. 1963-இல் போர்ஷே 901 என்று காட்டிய கார், நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்கள் தன்னுடையவை என்று பெஜோ சொன்னதால் 911 ஆனது. வோல்வோ 1995-இல் எஸ்4 என்று யோசித்தது, ஆடியிடம் அந்தப் பெயர் இருந்ததால் எஸ்40 ஆனது. 2023 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம், சீன மின்கார் நிறுவனமான நியோவின் இஎஸ்6, இஎஸ்8 பெயர்கள் ஆடியின் எஸ்6, எஸ்8 உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. ஓரெழுத்தும் ஓரெண்ணும் சேர்ந்த பெயரில் தனித்தன்மை குறைவு, மோதல் நிச்சயம். டிரேட்மார்க் பதிவில் வாகனங்களுக்கான 12-ஆம் வகுப்பில் தேடும்போது அதே பெயரை மட்டும் தேடாமல், முன்னால் ஓர் எழுத்தும் பின்னால் ஓர் எண்ணும் சேர்த்துத் தேடுங்கள். நியோ சிக்கியது அங்கேதான். ஒரே கார் ஒரு நாட்டில் ஒரு பெயரிலும் இன்னொரு நாட்டில் வேறு பெயரிலும் ஓடினால், இறக்குமதியான பழைய காருக்குப் பாகம் தேடுவது இரட்டை வேலை.

சொற்களுக்கே திரும்பிப் போகலாமே என்றும் சிலருக்குத் தோன்றும். லிங்கன் நிறுவனம் அப்படித் திரும்பியது. எம்கேஎக்ஸ், எம்கேசி, எம்கேஇசட் என்று குழப்பிவிட்டு, நாட்டிலஸ், கோர்செயர் என்று சொற்களுக்கு வந்தது. அக்யுராவும் இன்டெக்ராவைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பெயர் நினைவில் நிற்கும், உண்மை. ஆனால் சொல் காரின் அளவைச் சொல்லாது. எங்களுக்கு எதுவானாலும் சரி, கலக்காமல் இருந்தால் போதும்.

நாங்கள் கேட்பதில் செலவு பெரிதில்லை. புதிய இலக்கணம் வகுக்கும்போது, அடுத்த இரண்டு தலைமுறைக்கு வரக்கூடிய எல்லா இன்ஜின்களையும் மோட்டார்களையும் ஒரு கட்டத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வருகிறதா என்று பாருங்கள். ஒரே பெயர் இரண்டு கட்டத்தில் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மெர்சிடீஸ் 190இ-யில் 2.0 லிட்டர் இன்ஜின் இருந்தது, 200 என்ற எண் பெரிய காரிடம் இருந்ததால் 190 என்றார்கள். பிறகு பெரிய இன்ஜின்கள் வந்தபோது 190இ 2.3, 190இ 2.6 என்று லிட்டரைப் பின்னால் எழுதினார்கள். பெயர் பொய்யானபோது உண்மையைப் பக்கத்திலேயே ஒட்டியது அது. அந்த வழி இன்றைக்கும் செல்லும்.

பின்னால் பேட்ஜே வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு பிஎம்டபிள்யூ ஆர்டரில் ஒரு குறியீடு வைத்திருக்கிறது. அதன் எண் 320. அப்படி வந்த காரும், உரிமையாளர் வேறு பேட்ஜ் மாற்றி ஒட்டிய காரும் எங்களிடம் வரத்தான் செய்யும். ஆகவே ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் டயர் காற்றழுத்த ஸ்டிக்கரில் மூன்று வரி கூடுதலாக அச்சிடுங்கள்: இ90, எஃப்30 போன்ற உடல் குறியீடு, என்52, என்20 போன்ற இன்ஜின் குறியீடு, ஃபில்டரோடு ஆயில் எத்தனை லிட்டர். மின்காராக இருந்தால் மூன்றாவது வரியில் பேட்டரியின் கிலோவாட்-மணி. ஸ்டிக்கரில் இடம் இருக்கிறது, நாங்கள் அளந்து பார்த்துவிட்டோம்.

அன்புடன்,
உதிரிபாகக் கவுண்டரிலும் சர்வீஸ் பட்டறையிலும் பழைய கார் மதிப்பீட்டிலும் இருப்பவர்கள்