செத்ததால் வந்த பேர் இல்லை, கண்ணு

கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணு,

உன் மெசேஜைப் பார்த்தேன். ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கிற பேண்டில் நிர்வானா என்கிற அமெரிக்க ராக் குழுவின் டீன் ஸ்பிரிட் பாட்டை எடுத்திருக்கிறார்கள். டிரம்ஸில் உட்காரப்போகிற உனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "மூணே மூணு ஆல்பம்ப்பா. இருபத்தேழு வயசுல செத்துப்போனதால சாமி ஆக்கிட்டாங்க" என்று முடித்திருக்கிறாய். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிற விஷயமா இது? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில் தேதிகளைச் சரிபார்த்துக்கொள்வோம். அந்தப் பாட்டு இருக்கிற நெவர்மைண்ட் ஆல்பம் வெளிவந்தது 1991 செப்டம்பர் 24. கம்பெனிக்கே பெரிய நம்பிக்கை கிடையாது. அமெரிக்கா முழுவதும் கடைகளுக்கு முதலில் அனுப்பியது சுமார் 46,000 பிரதிகள்தான். 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் டேஞ்சரஸைக் கீழே இறக்கிவிட்டு பில்போர்டு பத்திரிகையின் ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அடுத்த ஆல்பம் இன் யூட்டரோ 1993 செப்டம்பரில் வந்தது. வந்த கையோடு முதலிடம். குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்தது 1994 ஏப்ரல் 5. பேரெல்லாம் ஆள் உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டது, அதைச் சுமக்க முடியாமல் அவர் திண்டாடியும் ஆயிற்று. சாவுதான் சாமி ஆக்குகிறது என்றால், இவர்கள் வட்டாரமான சியாட்டில் நகரத்தில் 1990இல் போன பாடகர் ஆண்ட்ரூ வுட் எங்கே? ஆலிஸ் இன் செயின்ஸ் பாடகர் லேன் ஸ்டேலி இறந்ததும் ஒரு ஏப்ரல் 5ஆம் தேதிதான், 2002இல். அவர் முகம் போட்ட பனியனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

அதற்காக எல்லாம் திறமையால் மட்டுமே வந்தது என்று நான் சொல்லவில்லை. நேரமும் கூடி வந்தது. 1991 மே மாதம் வரை பில்போர்டு ஆல்பம் பட்டியலுக்கு அடிப்படையே கடைக்காரர்களைக் கேட்பதுதான்: இந்த வாரம் எது நன்றாகப் போகிறது? கடைக்காரன் என்ன சொல்வான் என்று காந்திபுரத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த எனக்குத் தெரியாதா? ரேக்கில் தேங்கிக் கிடக்கிற சரக்கைக் காட்டித்தான் "பறக்குதுங்க" என்பான். அந்த மே மாதம் சவுண்ட்ஸ்கேன் என்கிற முறைக்கு மாறினார்கள். கவுன்டரில் பார்கோடை வைத்து உண்மையில் விற்றதை எண்ணுவது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்கிற ராப் குழு பட்டியலின் உச்சிக்குப் போனது. ராப், மெட்டல், கன்ட்ரி என்று அதுவரை கணக்கில் சரியாக ஏறாத சங்கீதமெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு நாலு மாதம் கழித்து வந்ததுதான் நெவர்மைண்ட். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் இத்தனை சீக்கிரம் கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

புதுசாக ஏதோ கண்டுபிடித்தார்கள் என்று உன் நண்பர்கள் யாராவது சொன்னால் அதையும் நம்பாதே. மெதுவாக ஆரம்பித்து, திடீரென்று காதைக் கிழித்து, மறுபடி அடங்குகிற அந்த அமைப்பு பிக்சீஸ் குழுவினுடையது. பிக்சீஸைக் காப்பியடிக்கத்தான் பார்த்தேன் என்று கோபேனே 1994இல் ரோலிங் ஸ்டோன் பேட்டியில் ஒப்புக்கொண்டார். டீன் ஸ்பிரிட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் வரி, பாஸ்டன் குழுவின் பழைய ஹிட்டை ஞாபகப்படுத்துகிறது என்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள். 1992 ரெடிங் விழாவில் இவர்களே அந்தப் பாஸ்டன் பாட்டில் கொஞ்சம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தங்கள் பாட்டுக்குப் போனார்கள். 'கம் ஆஸ் யூ ஆர்' ரிஃப் கில்லிங் ஜோக் குழுவின் 1984ஆம் வருஷப் பாட்டு ஒன்றை அப்படியே ஒத்திருக்கிறது. இதில் வேடிக்கை, அதே கில்லிங் ஜோக்கின் 2003 ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்தவர் நிர்வானாவில் டிரம்மராக இருந்த டேவ் குரோல். கிரஞ்ச் என்கிற பாணியும் இவர்களோடு பிறந்ததில்லை. மெல்வின்ஸ், மட்ஹனி எல்லாம் முந்தியே அந்த அழுக்குச் சத்தத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் இவர்களுடையது என்று என்னதான் மிச்சம் என்று கேட்பாய். மெட்டு.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டல் பையன்கள் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து, இன்னொரு பிளாங்க் கேசட்டில் ஏற்றித் தரச் சொல்வார்கள். அந்தக் கேசட்டே யாரிடமோ ஏற்றிய கேசட்டிலிருந்து ஏற்றியதாக இருக்கும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் மேல் ஸ்தாயிச் சத்தம் கொஞ்சம் செத்துப்போகும், 'ஸ்ஸ்' என்கிற இரைச்சல் கொஞ்சம் கூடும். டெக்கின் ஹெட்டைச் சரியாகத் துடைக்காவிட்டால் கேட்கவே வேண்டாம், கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடும். ஹெவி மெட்டல் கேசட்டுகள் மூன்றாவது காப்பியில் உயிரை விட்டுவிடும். அவற்றின் பலமே கிட்டாரின் கூர்மையில்தான், கூர்மை போனால் வெறும் இரைச்சல். நெவர்மைண்ட் மட்டும் சாகவில்லை. சிம்பலும் போய், கிட்டார் நுனியும் மழுங்கி, ஒரு தொண்டையும் அது பாடுகிற மெட்டும் மட்டும் மிஞ்சும். அது போதுமானதாக இருந்தது. கடையில் உதவிக்கு இருந்த பையனுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் வராது. அந்த ஆல்பத்தின் லித்தியம் பாட்டை முனகிக்கொண்டே கேசட் உறை மடிப்பான்.

நான் கடையில் கேட்டதையே இவர்கள் 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எல்லோர் முன்னாலும் வைத்துக் காட்டினார்கள். எம்டிவி சேனலின் அன்பிளக்ட் நிகழ்ச்சி. ஒலியைக் குறைத்து, சத்தத்தின் முட்டுக்கொடுப்பை எடுத்துவிட்டு வாசிக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பிரபலமான பாட்டுகளை வரிசையாக வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். இவர்கள் வாசித்தது 14 பாட்டு. அதில் 6 மற்றவர்களுடையது. டீன் ஸ்பிரிட் கிடையாது. பெரிய நட்சத்திரம் யாராவது விருந்தாளியாக வருவார் என்று சேனல்காரர்கள் எதிர்பார்த்திருக்க, கோபேன் மேடைக்குக் கூப்பிட்டது மீட் பப்பெட்ஸ் குழுவின் கிர்க்வுட் சகோதரர்களை. அவர்கள் பாட்டிலேயே மூன்று.

சுத்தமான அன்பிளக்ட் இல்லை அது, என் காதை ஏமாற்ற முடியாது. டேவிட் போவி பாட்டு வரும்போது கவனி, கிட்டாரில் ஒரு கரகரப்பு வரும். கோபேனின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தான் போனது. அந்த ஆம்ப்பை மானிட்டர் ஸ்பீக்கர் மாதிரித் தெரியும்படி மறைத்துவைத்திருந்தார்கள். சின்னத் திருட்டு, போகட்டும். கடைசிப் பாட்டுக்கு வா. லெட் பெல்லி பாடிப் பிரபலமாக்கிய பழைய நாட்டுப்பாட்டு. முக்கால்வாசி அடிக்குரலிலேயே போகிறது. கடைசிச் சரணத்தில் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி, தொண்டை கிழியக் கத்துகிறார். ஆனால் சுருதி நழுவவில்லை. கடைசி வரியின் நடுவில் நிறுத்தி, கண்ணைத் திறந்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டு முடிக்கிறார். இன்னொரு பாட்டு பாடுங்கள் என்று தயாரிப்பாளர்கள் கெஞ்சியும் மறுத்துவிட்டார், இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்.

சரி, உன் வாத்தியத்துக்கு வருவோம். டீன் ஸ்பிரிட் ஆரம்பத்தில் குரோல் அடிக்கிற அந்த அடியை ஹார்ட் ராக் அடி என்று நினைத்துக்கொண்டு வாசிக்காதே. கேப் பேண்ட், கேமியோ, டோனி தாம்ப்ஸன் என்று டிஸ்கோ, ஃபங்க் ஆட்களிடமிருந்து எடுத்தது அது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் தோள் தானாகத் தளரும். நெவர்மைண்டில் கேட்கிறதெல்லாம் குரோல் மூளையில் உதித்தது என்றும் எண்ணாதே. அவருக்கு முன்னால் சாட் சானிங் என்று ஒருவர் இருந்தார். இன் புளூம் பாட்டின் டிரம்ஸ் அமைப்பு பெரும்பாலும் அவருடையது. பாலி பாட்டில் வருகிற சில சிம்பல் அடிகள் அவர் கையால் அடித்தவையே. 2014இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இவர்களைச் சேர்த்தபோது சானிங் பெயரைச் சேர்க்கவில்லை. குரோல் மேடையில் அவருக்கு நன்றி சொன்னார், நல்ல மனுஷன். ஆனாலும் எனக்கு அது உறுத்தலாகத்தான் இருக்கிறது.

ஆல்பங்களைப் பற்றி என் கணக்கு இது. முதல் ஆல்பம் பிளீச், 600 டாலரில் பதிவானது என்று உறையிலேயே பெருமை பேசும். காசு கொடுத்தவர் ஜேசன் எவர்மேன். ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல் கிட்டாரிஸ்ட் என்று பெயர் வாங்கிக்கொண்டார். அதில் அபௌட் எ கேர்ள் என்கிற முத்தைத் தவிர மற்றதை நான் திரும்பப் போட்டுக் கேட்பது அபூர்வம். நெவர்மைண்ட் கொஞ்சம் மெருகு அதிகம், கோபேனுக்கே அதில் வருத்தம் உண்டு. அந்த மெருகு இல்லாமல் நம் கடை வரைக்கும் வந்திருக்காது என்பதும் உண்மை. எனக்குப் பிடித்தது இன் யூட்டரோ. ஸ்டீவ் அல்பினி என்கிற ஒலிப்பதிவாளர் மினசோட்டாவில் ஒரு காட்டுப் பக்க ஸ்டுடியோவில் இரண்டு வாரத்தில் பதிவு செய்து கொடுத்தார். விற்பனையில் பங்கு வேண்டாம், பிளம்பருக்குக் கூலி கொடுக்கிற மாதிரி ஒரு தொகை கொடுத்தால் போதும் என்று முன்கூட்டியே கடிதம் எழுதிய ஆள். லட்சக்கணக்கில் விற்கப்போகிற குழு என்று தெரிந்தும் எழுதினார். டிரம்ஸ் நீ உட்கார்ந்திருக்கிற அறையிலேயே அடிக்கிற மாதிரி இருக்கும், நல்ல ஹெட்போனில் கேள்.

எதற்கு அந்தப் பேர் தகாது என்றும் சொல்லிவிடுகிறேன். தலைமுறையின் குரல் என்றெல்லாம் பத்திரிகைகள் ஒட்டிய பட்டம் வெறும் பில்டப், கோபேனுக்கே அது பிடிக்கவில்லை. சியாட்டில் என்றால் நிர்வானா மட்டும்தான் என்பதும் அநியாயம். குரல் என்று எடுத்தால் சவுண்ட்கார்டனின் கிறிஸ் கார்னெலுக்குப் பக்கத்தில் கோபேன் நிற்க முடியாது. 1994இல் வந்த அவர்களின் சூப்பர்அன்னோன் ஆல்பத்தில் இருக்கிற தாளக் கணக்குகள் உனக்கு நல்ல வீட்டுப்பாடம். அதே வருஷம் வந்த ஆலிஸ் இன் செயின்ஸின் ஜார் ஆஃப் ஃபிளைஸை ராத்திரி கடை சாத்தியபிறகு நான் கேட்காத வாரம் கிடையாது.

சாவு ஒரு உதவி செய்தது, அதை மறைக்கவில்லை: நாலாவது ஆல்பத்தைச் சொதப்ப வாய்ப்பு வரவில்லை. மற்றபடி அதில் ரசிக்க ஒன்றுமில்லை. அந்த மனிதருக்குத் தீராத வயிற்றுவலி, ஹெராயின் பழக்கம், வீட்டில் இரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தை. இருபத்தேழு வயது என்பதை ஏதோ ராசி எண் மாதிரிப் பேசுகிறார்களே, அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இருந்திருந்தால் இப்போது அறுபதை நெருங்கியிருப்பார். சுமாரான ஆல்பம் நாலைந்து போட்டிருப்பார், போடட்டுமே.

ஆகவே சாமி, டீன் ஸ்பிரிட்டை வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. காரணத்தை மட்டும் மாற்றிச் சொல். ஊரில் இருக்கிற பேண்டெல்லாம் அதைத்தான் வாசிக்கிறது. கோரஸில் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள், நீ அடிப்பது யார் காதிலும் விழாது. இன் புளூமை எடுக்கச் சொல்லிப் பார். அதில் சரணத்துக்கும் கோரஸுக்கும் நடுவே டிரம்ஸ்தான் கதவைத் திறந்துவிட வேண்டும், ஒளிந்துகொள்ள இடமில்லை. வேகத்தை மட்டும் ஏற்றாதே. உனக்கு இரண்டாவது கோரஸில் ஓடுகிற வழக்கம் இருக்கிறது. ஒத்திகையை ரெக்கார்ட் செய்து அனுப்பு. போனை பாஸ் ஆம்ப் பக்கத்தில் வைக்காதே, போன தடவை அனுப்பியதில் உன் கிக் டிரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எதிர்ச் சுவர் ஓரம் ஒரு ஸ்டூலில் வைத்தால் போதும்.

அன்புடன்,
அப்பா